பகல் 12 மணி என்றால் பகல் 12 மணிதான்

மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் காவல் கண்காணிப்பாளர் அவர்களுக்கும் வணக்கம்.

எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இட்லிக் கடை வைத்திருக்கிறேன். போன வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு அங்கே நடந்தது உங்கள் கவனத்துக்கு வந்திருக்கும். பைக்கில் வந்தவர் பஸ்ஸுக்கு நின்ற பிள்ளைகள் மேல் ஏற்றிவிட்டார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண்ணுக்குக் கால் முறிந்தது. வண்டி ஓட்டியவரை எனக்குத் தெரியும். கொத்தனார், நல்ல வேலைக்காரர். அன்றைக்குக் குடித்திருந்தார். அந்த நேரத்தில் அவருக்குச் சரக்கு எங்கே கிடைத்தது என்பது ஊருக்கே தெரியும். மதுக்கடையை ஒட்டிய பாரில்தான்.

கடையின் முன்பக்க ஷட்டரை ஒரு குறையும் சொல்ல முடியாது. பகல் 12 மணிக்குத் திறக்கிறது, இரவு 10 மணிக்குச் சாத்துகிறது. விஷயம் பக்கத்துச் சந்தில் இருக்கிறது. பாரின் தகரத்தில் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. விடிகாலை ஐந்தரைக்கு இரண்டு தட்டு தட்டினால் போதும். 200 ரூபாய் உள்ளே போகும், 140 ரூபாய் குவார்ட்டர் வெளியே வரும். முந்தின இரவே பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்கிவிடுகிறார்கள்.

அப்புறம் நேராக என் கடைக்கு வருவார்கள். தண்ணீர் பாக்கெட், டம்ளர், தொட்டுக்கொள்ள ஏதாவது. என் கடையில் அதிகம் போனது முட்டை போண்டா; அதைப் போடுவதை நிறுத்தி எட்டு மாதமாகிறது. சைடிஷுக்கு வந்தவர்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்து ஊற்ற ஆரம்பித்ததும், மில்லுக்கும் பூ மார்க்கெட்டுக்கும் போகிற பெண்கள் கடைப்பக்கம் வருவதை விட்டார்கள். முதல் பஸ்ஸுக்கு இப்போது நிறுத்தத்தில்கூட அவர்கள் நிற்பதில்லை. இருட்டில் அரை கிலோமீட்டர் நடந்துபோய், பாலத்தருகே கைகாட்டி ஏறுகிறார்கள். நிறுத்துகிற டிரைவர் வந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் அன்றைக்கு அரைநாள் கூலி போச்சு.

மதுவிலக்குக் கேட்டு இதை எழுதவில்லை. அது பெரிய இடத்து விவகாரம். 2016 மே மாதம் ஜெயலலிதா மறுபடி முதல்வரானபோது, கடை திறக்கும் நேரத்தைக் காலை 10 மணியிலிருந்து பகல் 12 மணிக்குத் தள்ளிக் கையெழுத்திட்டார். அந்தக் கையெழுத்து எங்கள் ஊருக்கும் செல்ல வேண்டும், அவ்வளவுதான். பகல் 12 மணிக்கு முன் அங்கே ஒரு பாட்டில்கூட விற்கக் கூடாது.

சட்டம் தூங்குகிறது என்றும் சொல்ல மாட்டேன். பிளாஸ்டிக் கப்புக்கு 2019 முதல் தடை. என் கடையில் பழைய கப் நான்கு கிடந்ததற்கு 500 ரூபாய் அபராதம் கட்டினேன். சரி, தப்பு என்னுடையது. ஆனால் ரசீது எழுதியவர் நின்ற இடத்திலிருந்து நாலு எட்டு வைத்தால் பார் வாசல். அங்கே கப்புகள் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. வாயில் ஊதச் சொல்லும் கருவியும் மாலையில் மட்டும்தான் மெயின் ரோட்டுக்கு வருகிறது. வண்டி ஓட்டுகிறவருக்கு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் என்ற வரம்பு காலையில் செல்லாதோ என்னவோ.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று: பகல் 12 மணிவரை அந்தச் சந்தில் விற்பனை நடக்கக் கூடாது. தயவுசெய்து ஒருநாள் ஐந்தரை மணிக்கு நேரில் வாருங்கள். யாரிடமும் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். இதற்கு முன் இரண்டு முறை ஆய்வு நடந்தபோது, அந்த ஓட்டையை மறைத்துப் பிள்ளையார் காலண்டர் தொங்கியது.

இப்படிக்கு,
நிறுத்தத்து இட்லிக் கடைக்காரி