பிலிப் என்றொரு எலிப்பொறி

ஆசிரியருக்கு வணக்கம்.

'கொலம்போ' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் துப்பறியும் தொடர் உருவான விதம் குறித்து சென்ற இதழில் வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். அமெரிக்காவில் மகன் வீட்டில் தங்கியிருந்த ஆறு மாதமும் எனக்குத் துணையாக இருந்தவர் அதன் நாயகனான அந்தக் கசங்கிய மழைக்கோட்டுப் போலீஸ் அதிகாரி கொலம்போதான். ஆனால் பெட்டிச் செய்தியில் 'பலரும் அறியாத தகவல்' என்று தலைப்பிட்டு, அவருடைய முதற்பெயர் பிலிப் என்று அச்சிட்டிருக்கிறீர்கள். ஐயா, அது தகவல் அல்ல. எலிப்பொறியில் வைத்த மசால்வடை.

வைத்தவர் பிரெட் வொர்த். துணுக்குச் செய்திகளைத் தேடித் திரட்டி 1974இல் ஒரு களஞ்சியம் வெளியிட்டவர். தம் உழைப்பை யாராவது சொல்லாமல் எடுத்தாண்டால் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று, நிஜங்களுக்கு நடுவே ஒரு பொய்யைத் தாமே புனைந்து சேர்த்தார்: கொலம்போவின் முதற்பெயர் பிலிப். பத்தாண்டு கழிந்தது. 'டிரிவியல் பர்சூட்' என்ற வினாடி வினா விளையாட்டு அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. அதன் அட்டை ஒன்றில் அதே கேள்வி, அதே பிலிப்! 1984இல் 30 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார் வொர்த். விளையாட்டை உருவாக்கியவர்கள் மறுக்கவேயில்லை. உங்கள் நூலையும் பார்த்தோம், வேறு நூல்களையும் பார்த்தோம் என்றார்கள். உண்மைத் தகவல் எவருக்கும் தனிச்சொத்து ஆகாது என்று வழக்கு தள்ளுபடியானது. 1987இல் மேல்முறையீட்டிலும் அதே முடிவு. எலி மாட்டியது, ஆனாலும் நஷ்டம் வடைக்காரருக்குத்தான்.

தொடரைப் படைத்த ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் இருவரும் தங்கள் நாயகனுக்கு முதற்பெயர் சூட்டவில்லை. 1971இல் ஒளிபரப்பான ஒரு பகுதியில் அவர் அடையாள அட்டையை நீட்டும்போது படத்தை நிறுத்திப் பார்த்தால் 'பிராங்க்' என்று படிக்கலாம். படப்பிடிப்புக்குப் பொருள் தயாரிக்கும் ஊழியர் யாரோ கைக்கு வந்ததை எழுதியிருப்பார் என்பது என் ஊகம்.

பெட்டிச் செய்திக்கு ஒதுக்கிய இடத்தில் வேறொன்றைச் சொல்லியிருக்கலாம். வாசல்வரை போய்விட்டு, "இன்னும் ஒரே ஒரு விஷயம்" என்று திரும்புவாரே, கொலையாளிக்கு வியர்த்துக் கொட்டுமே, அது பிறந்த கதை. தொடருக்கு முன்பு லெவின்சனும் லிங்கும் இதை மேடை நாடகமாகவும் எழுதினார்கள். 1962இல் அது அரங்கேறியது. ஒரு காட்சியைத் தட்டச்சு செய்து முடித்து, அதிகாரியை வெளியே அனுப்பியும் விட்டார்கள். பிறகு பார்த்தால் காட்சி குட்டையாக இருக்கிறது. தட்டச்சு யுகம் அல்லவா? நடுவில் நுழைக்க வேண்டுமானால் எல்லாத் தாளையும் மறுபடி அடிக்க வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டு, போனவரையே திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். எந்தத் திறனாய்வாளரும் கண்டுபிடிக்க முடியாத இலக்கிய உத்தி!

அந்த மழைக்கோட்டு, கொலம்போவாக நடித்த பீட்டர் பாக்கின் சொந்தக் கோட்டு என்று நீங்கள் எழுதியது சரி. நியூயார்க்கில் மழையில் மாட்டிக்கொண்டபோது 15 டாலருக்கு வாங்கியது. தொடரில் கொலம்போவோடு வரும் நாயைப் பற்றி ஏனோ ஒரு வரிகூட இல்லை. கோட்டு, சுருட்டு, ஓட்டைப் பெஷோ கார் எல்லாம் இருக்கும்போது நாய் வேறு எதற்கு என்று பாக் முதலில் முரண்டு பிடித்தாராம். காது தொங்கி, தூங்கி வழிந்துகொண்டு ஒரு கிழ நாயைக் கொண்டுவந்து காட்டியதும் மனம் மாறிவிட்டார். தொடரில் அதற்கும் பெயர் கிடையாது, வெறும் 'நாய்'தான். நல்லவேளை, அதற்கும் யாரும் பிலிப் என்று வைக்கவில்லை.

இவ்வளவு காரமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. முப்பது ஆண்டுகள் நூலகத்தில் இருந்துவிட்டு, அச்சில் வந்ததை நம்பிப் பழகியவன் நான். எங்கோ ஒரு துணுக்கில் படித்துவிட்டு, இதே கேள்விக்கு ஒரு நண்பரிடம் பந்தயம் கட்டினேன். அவர் "அந்த ஆளுக்குப் பெயரே சொல்லமாட்டார்களே" என்றார். நான் பிலிப் என்று அடித்துச் சொல்லி ஒரு டிகிரி காபி ஜெயித்தேன். விஷயம் தெரிந்தபின்னும் அவரிடம் வாய் திறக்கவில்லை. அவர் தங்கள் இதழின் நெடுநாள் வாசகர். இக்கடிதத்தைப் பார்த்தால் அவரே வந்து நிற்பார். காசை எடுத்துத் தனியாக வைத்திருக்கிறேன்.

- ஓய்வுபெற்ற நூலகர், கும்பகோணம்