அரைக்கால் அங்குல வலை

கிராஸ் வேலி, கலிபோர்னியா
மே 18

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் அனைவரும் நலம். கத்திரி வெயிலில் உங்கள் உடம்பும் அம்மா உடம்பும் எப்படி இருக்கின்றன என்பதே எங்கள் கவலை. "காட்டுத்தீ வருகிற இடத்தில் போய் ஏன் வீடு வாங்கினாய்?" என்று போன வாரம் அம்மா தொலைபேசியில் கேட்டார்கள். 2011 டிசம்பரில் தானே புயல் நம் முந்திரித் தோப்பை ஒரே இரவில் சாய்த்த பிறகும் நீங்கள் பண்ருட்டிப் பக்கத்தை விட்டுப் போகவில்லை என்பதுதான் என் மனதில் முதலில் வந்த பதில். ஆனாலும் நாங்கள் சும்மா இருக்கவில்லை என்பதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

நம் ஊருக்கு வடகிழக்குப் பருவக்காற்று மழை கொண்டுவரும் அதே மாதங்களில், இங்கே வடகிழக்கிலிருந்து மலையிறங்கி வரும் காற்று நாக்கு வறளும்படி உலர்ந்திருக்கும். அதற்குமுன் கோடை முழுவதும் பெரும்பாலும் மழையே இராது. மலைச்சரிவின் புல் இப்போதே வைக்கோல் நிறமாகிவிட்டது. 2018 நவம்பர் 8ஆம் தேதி இப்படியொரு காற்றில்தான், இந்த மலையடிவாரத்திலேயே வடக்கே உள்ள பாரடைஸ் என்ற ஊர் எரிந்து 85 பேர் இறந்தார்கள். 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. அப்போதும் பல இடங்களில் வீடு சாம்பலாகிக் கிடக்க, பக்கத்துப் பைன் மரம் பச்சையாகவே நின்றது. காட்டுத் தீயின் சுவாலை வந்து தொடுவதற்கு முன்பே, காற்றில் ஒரு மைலுக்கு மேலும் பறந்து வரும் பொறிகள்தான் பல வீடுகளைப் பற்றவைக்கின்றன என்பதை இங்கே வந்துதான் அறிந்தேன்.

உங்களுக்கு இது புதிதல்ல. நான் ஏழாவது படித்தபோது கீழத்தெருவில் ஒரு கீற்றுக்கூரை பற்றியதும், நீங்கள் ஈரச்சாக்கும் தண்ணீர்க் குடமுமாக நம் கூரைமேல் ஏறி, விழுகிற பொறியை ஒவ்வொன்றாக அடித்து அணைத்துக்கொண்டிருந்தீர்கள்.

எங்கள் கூரை எளிதில் பற்றாத தார் ஓடு, அதில் கவலையில்லை. ஆனால் பரணிலுள்ள சூடு வெளியேற இறவாணத்தின் அடியில் வைத்திருக்கும் காற்றுத்துளைகள் எனக்குத் தெரியாமலே இருந்தன. 2008 முதல் தீ அபாயப் பகுதிகளில் எழும் புதிய வீடுகளுக்குத் தனிக் கட்டட விதிகள் உண்டு. எங்களுடையது அதற்கு வெகுகாலம் முந்தியது. ஏணி போட்டுப் பார்த்தபோது பழைய வலையின் கண்கள் கால் அங்குலம் இருந்தன. ஒரு மூலை பிய்ந்து, உள்ளே சருகு சேர்ந்திருந்தது. அதன் வழியே ஒரு பொறி நுழைந்தால் வெளியில் நிற்பவருக்குத் தெரியாமலே வீடு உள்ளிருந்து எரியும். இரண்டு சனிக்கிழமைகள் உட்கார்ந்து, அரைக்கால் அங்குலக் கண் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) உள்ள உலோக வலையை எல்லாத் துளைகளுக்கும் அடித்தேன். உங்கள் மருமகள் கூரையோரத்தில் மழைநீர் ஓடும் தகரக் கால்வாயிலிருந்து மூன்று மூட்டை பைன் ஊசிகளை அள்ளினாள்.

சுவரைச் சுற்றி ஐந்தடிக்கு எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது என்பது அடுத்த வேலை. பூச்செடிகளையும் மரத்தூளையும் அகற்றி ஜல்லி பரப்பினோம். வீட்டைத் தொடும் மரவேலியின் கடைசித் துண்டைக் கழற்றி இரும்பு வைத்தோம். அம்மா அனுப்பிய தேங்காய்நார் மிதியடியையும் வாசலிலிருந்து எடுத்துவிட்டேன். காய்ந்த நாரில் பொறி விழுந்தால் அது கதவடியிலேயே கனன்றுகொண்டிருக்கும் அல்லவா? அதை உள்ளே பூஜை அறை முன்னால் போட்டிருக்கிறோம், அம்மா வருத்தப்பட வேண்டாம்.

இவ்வளவு செய்தும் எங்கள் காப்பீட்டு நிறுவனம் இவ்வாண்டு புதுப்பிக்க மறுத்துவிட்டது. வேறிடத்தில் கூடுதல் பணம் கட்டிச் சேர்ந்திருக்கிறோம். அது எனக்கு மிகுந்த மனக்குறை.

இதை எழுதும்போது சமையலறைச் சுவரை ஒட்டி நிற்கும் நம் மாட்டுக்கொட்டகைதான் கண்ணில் நிற்கிறது. கீற்று, பக்கத்தில் விறகு, அதன்மேல் முந்திரிச் சருகு மூட்டைகள். மழைக்கு முன் கொட்டகையைக் கிணற்றுப் பக்கம் தள்ளிப் போட்டு, தகரம் வேய்ந்துவிடுங்கள். அதற்கான பணத்தை இந்த மாதச் செலவோடு சேர்த்து அனுப்பியிருக்கிறேன். அதுவரை மூட்டைகளையாவது இன்றே அப்புறப்படுத்தச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகன்