டைட்டில் கார்டில் பெயர் வராதவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வெளிநாடுகளிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்து சினிமாவுக்கும் தொலைக்காட்சிக்கும் எழுதுகிறவர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது.

முதல் நன்றி, ஓ-1பி விசாவுக்கு (கலை, சினிமா, தொலைக்காட்சித் துறைகளில் தனித்திறமை உள்ளவர்களுக்கு அமெரிக்கா தரும் தற்காலிக வேலை விசா) பரிந்துரைக் கடிதம் தந்தவர்களுக்கு. "மிகத் திறமைசாலி" என்று நாலு வரி பாராட்டினால் அந்தக் கடிதம் எடுபடாது. எந்தப் படம், அதில் இவர் எழுதியது என்ன, எங்கே திரையிடப்பட்டது, இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று விவரமாக எழுதினீர்கள். இந்த விசாவுக்கு எழுத்தாளர் தானே மனுப் போட முடியாது. அமெரிக்க நிறுவனமோ ஏஜென்ட்டோதான் போட வேண்டும். ஒரே தயாரிப்பாளரை நம்பியிருந்து தொடர் பாதியில் நின்றால் விசாவுக்கும் ஆபத்து. அதனால் பல வேலைகளைச் சேர்த்து ஏஜென்ட் வழியாக மனுப் போடச் சொன்ன வழக்கறிஞர்களே, எழுத்தாளர் சங்கத்திடமும் தயாரிப்பாளர் தரப்பு அமைப்பிடமும் மனுவைப் பற்றிய கருத்துக் கடிதம் வாங்க வேண்டும் என்று முன்கூட்டியே எச்சரித்ததும் நீங்கள்தான்.

மெக்ஸிகோவின் எல்லை நகரான மெக்ஸிகாலியில் தனக்கு விசா கொடுத்த அமெரிக்கத் தூதரக அதிகாரிக்கு, ஐரோப்பாவிலிருந்து குடியேறிய எழுத்தாளரும் இயக்குநருமான பில்லி வைல்டர் 1988 ஆஸ்கர் மேடையில் நன்றி சொன்னார். அந்த வழக்கம் தொடர வேண்டும் என்பது எங்கள் ஆசை.

ஸ்கிரிப்ட் கோஆர்டினேட்டர்களுக்கு, அதாவது திரைக்கதைப் பிரதிகளைச் சரிபார்த்து அனுப்புகிறவர்களுக்கு, எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். நம் ஊர்ப் பழக்கத்தில் ஏ4 தாளில் எழுதிக் கொண்டு வருவோம். இங்கே லெட்டர் அளவு. உயரம் முக்கால் அங்குலம் போலக் குறைவு. 12 பாயின்ட் கூரியர் எழுத்துருவில் பக்கத்துக்கு நாலு வரி போய்விடும். 110 பக்கத் திரைக்கதை மாற்றியதும் ஏழெட்டுப் பக்கம் நீளும். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்று கணக்குப் போடும் ஊரில் அது சின்ன விஷயமில்லை. அனுப்புவதற்கு முன்பே அதைப் பிடித்துத் திருத்தினீர்கள்.

மூன்றாம் தெருவில் உள்ள ரைட்டர்ஸ் கில்ட் ஃபவுண்டேஷன் (ரைட்டர்ஸ் கில்ட் என்ற எழுத்தாளர் சங்கத்தோடு இணைந்த அறக்கட்டளை) நூலகத்தாருக்கும் நன்றி. நகல் எடுக்க முடியாது. ஆனால் உட்கார்ந்து அசல் தொலைக்காட்சி ஸ்கிரிப்ட்டுகளைப் படிக்கலாம்.

படத்தில் எழுத்தாளர் என்று யார் பெயர் வர வேண்டும் என்ற தகராறில் சங்கத்தின் நடுவராக உட்காரும் சக எழுத்தாளர்களே, உங்களுக்குத் தனி வணக்கம். எழுதியவர் பெயர் மறைக்கப்பட்டு 'எழுத்தாளர் ஏ', 'எழுத்தாளர் பி' என்றுதான் பிரதிகள் வரும். மூன்று நடுவர்களும் தனித்தனியே முழுதும் படிப்பார்கள். அசல் திரைக்கதையில் பின்னால் வந்து எழுதியவருக்குத் திரைக்கதைப் பெயர் கிடைக்க, அவர் பங்கு பாதியாவது இருக்க வேண்டும். தேதியிட்ட டிராஃப்ட் கையில் இல்லாதவர் இங்கே தோற்பார். அதனால் எல்லா டிராஃப்ட்டையும் பத்திரப்படுத்தச் சொன்னீர்கள். திரையில் இரு பெயர்களுக்கு இடையே '&' வந்தால் சேர்ந்து எழுதியவர்கள், 'ஆண்ட்' வந்தால் தனித்தனியே எழுதியவர்கள் என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே விளக்கியவர்களும் நீங்கள்தான்.

கடைசியாக, ஓ-3 விசாவில் உடன் வந்த துணைவர்களுக்கு. அந்த விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. சொந்தத் தொழிலை ஊரில் விட்டுவிட்டு வந்தீர்கள். ஒரே சம்பளத்தில், அதுவும் தொடருக்குத் தொடர் இடைவெளி விட்டு வரும் சம்பளத்தில், குடும்பம் நடத்தினீர்கள். உங்களுக்கு நாங்கள் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம்.

நன்றியுடன்,
லாஸ் ஏஞ்சலஸில் எழுதும் குடியேறிகள்