பூட்டன் விளக்கை அணைத்த இரவு

அன்புள்ள ராசா,

ஸ்கொட்லாந்தின் லூயிஸ் தீவுக்குப் போகப்போகிறேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து இதை எழுத நினைத்திருந்தேன். போனில் சொல்ல வெளிக்கிட்டால் அழுதுவிடுவேன்.

ஸ்கொட்லாந்துக்காரருக்குப் புதுவருஷத்தைப் போல ஒரு கொண்டாட்டம் இல்லை. ஆனால் உன் பூட்டன் அந்த இரவில் விளக்கை அணைத்துவிட்டு நேரத்தோடே படுத்துவிடுவார் என்று அப்பா சொல்லுவாரே, ஞாபகம் இருக்கா? ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்பா போன பிறகு அவருடைய மேசைக்குள் அந்தத் தீவின் மொழியான கேலிக்கில் பூட்டனின் பைபிள் கிடந்தது. அட்டையின் உள்பக்கத்தில், பழுப்பேறிய மையில், ஓர் ஊர்ப்பெயரும் 1923 என்ற ஆண்டும். அதை வைத்துத்தான் தேடத் தொடங்கினேன்.

அந்த வருஷம் ஏப்ரல் 21 அன்று லூயிஸின் துறைமுகப் பட்டினமான ஸ்டோர்னோவேயில் மெட்டகாமா கப்பல் ஏறக்குறைய 300 இளம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கனடாவுக்குப் புறப்பட்டது. பூட்டனும் அவர்களில் ஒருவர்.

அவருக்கு முந்தியவர்களைக் கண்டுபிடிக்க மரணப் பதிவுகள்தான் கைகொடுத்தன. ஸ்கொட்லாந்தில் 1855 இலிருந்து எல்லா மரணத்தையும் அரசாங்கம் பதிகிறது. இறந்தவரின் அப்பா பெயரோடு அம்மா பெயரும் இருக்கும். அதுவும் அவர் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரோடு. ஒரு பதிவு கிடைத்தால் அதற்கு முந்திய தலைமுறையும் கிடைத்துவிடும். அப்படியிருந்தும் எட்டு மாதம் நான் வேறொரு குடும்பத்துக்குப் பின்னால் போய்விட்டேன். ஒரே ஊரில் ஒரே பெயரில் நாலு பேர்! பாட்டன் பேரைச் சுமக்கிறவன்தானே பேரன்? அங்கேயும் மூத்த மகனுக்கு அப்பப்பாவின் பேரை வைப்பதுதான் வழக்கம்.

அந்த வழக்கத்தைப் பூட்டன் மீறியிருந்தார். தன் மூத்த மகனுக்கு அவர் வைத்தது தன் அப்பாவின் பேர் அல்ல. பழைய குடிசனக் கணக்கெடுப்பைப் பார்த்தேன். அது அவருடைய அண்ணனின் பேர். உன் அப்பப்பாவுக்கு வந்த அந்தப் பேர்தான் உன் நடுப்பெயராகவும் இருக்கிறது.

1919 ஜனவரி 1, விடியமுன் இருட்டு. போர் முடிந்து ஊர் திரும்பிய கடற்படைப் பிள்ளைகளை ஏற்றி வந்த அயோலேர் கப்பல் ஸ்டோர்னோவே துறைமுக வாசலில் பாறையில் மோதியது. கரை கல்லெறி தூரம். 201 பேர் போய்விட்டார்கள். அந்தப் பட்டியலில் அதே ஊர், அதே பெயர். அந்த இரவைப் பற்றித் தீவில் எத்தனையோ வருஷம் ஒருவரும் வாய் திறக்கவில்லையாம். பூட்டன் அந்த மௌனத்தை ஒன்ராறியோவுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

எனக்கு அவருடைய அம்மாவை நினைத்துத்தான் நெஞ்சு அடைக்கிறது. ஒரு பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்து நாலு வருஷத்தில் மற்றப் பிள்ளையை அதே துறைமுகத்தில் கப்பல் ஏற்றியிருக்கிறாள். என் அம்மா என்னை யாழ்ப்பாணத்தில் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டு, பஸ் வெளிக்கிடும்வரை என் முகத்தைப் பார்க்காமல் நின்றதை உனக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஊருக்குப் போனால் வயதானவர்கள் “கோ லெஷ் ஊ?” என்று கேட்பார்கள். “நீ ஆற்ற பிள்ளை?” என்று எங்கள் ஊரில் கேட்பதே அது. அப்போது அந்த அம்மாவின் பேரைச் சொல்லு. அவருடைய சொந்தக் குடும்பப் பெயரோடு இத்துடன் உள்ள தாளில் எழுதியிருக்கிறேன். கல்லறையைக் கண்டால் படம் எடுத்து அனுப்பு.

ஸ்டோர்னோவேக்குப் பக்கத்தில் ஹோம் என்ற இடத்தில் அயோலேர் நினைவுக்கல் இருக்கிறது. அங்கே நின்று உன் நடுப்பெயரை ஒருதரம் சத்தமாகச் சொல்லு, ராசா. காற்றுப் பலமாக இருக்கும், காதை மூடிக்கொண்டு போ.

அம்மா