பரம்பரையைத் தேட பழைய நிலப் பதிவேடு

ஆசிரியர் அவர்களுக்கு,

பூர்வீகம் தேடுபவர்கள் எல்லாரும் பிறப்புச் சான்றிதழில் ஆரம்பித்து அங்கேயே முட்டி நிற்கிறார்கள். நிலப் பதிவேட்டைப் பாருங்கள் சார். மானிய நிலம், அதாவது கோயில் பணிக்கோ ஊர் ஊழியத்துக்கோ வரியில்லாமலோ குறைந்த வரிக்கோ விட்ட இனாம் நிலம், வைத்திருந்த குடும்பம் என்றால், அந்த நிலங்களை விசாரிக்க 1858இல் சென்னை மாகாணத்தில் அமைத்த இனாம் கமிஷன் தயாரித்த பதிவேடு ஒரு புதையல். மானியத்தை முதலில் பெற்றவர் யார், விசாரணையின்போது அனுபவிப்பவர் யார், அவருடைய வயது என்ன, முன்னவருக்கு என்ன உறவு என்று ஒரே வரிசையில் எழுதியிருப்பார்கள், சில சமயம் அதிலேயே மூன்று தலைமுறை கிடைத்துவிடும். கோயிலுக்கு விட்டது மட்டுமல்ல, தலையாரி, வெட்டியான் ஊழிய மானியமும் அதில் உண்டு. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேட்கலாம்.

அப்புறம் பழைய கிரயப் பத்திரம். சர்வே எண்ணோடு நிறுத்தாமல் நான்கெல்லையையும் படியுங்கள். 'இன்னார் நிலத்துக்குக் கிழக்கு' என்று வரும் அந்த இன்னார், பாகம் பிரிந்து போன பெரியப்பாவாகவோ சித்தப்பாவாகவோ இருக்க நல்ல வாய்ப்பு. பெண்கள் பெயர்தான் கஷ்டம், பெரும்பாலும் கணவர் இறந்த பிறகே தலைகாட்டும். நிலமே இல்லாமல் கூலிக்கு உழுதவர்களைப் பட்டாவில் தேடிப் பயனில்லை, அது பதிவேடு எழுதியவர்களின் லட்சணம். இந்தக் கட்டுகள் தூளாவதற்குள் அரசு எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, ஊர் பெயரைப் போட்டால் வருகிற மாதிரி இணையத்தில் ஏற்றட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்