ஓதம் பார்த்துப் போங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பூநாரை சீசனில் சனி, ஞாயிறு தோறும் தானே கழிமுகத்துக்கு மும்பைத் தமிழர் பலர் குடும்பத்தோடு போகிறார்கள். ஏமாந்து திரும்புவோர் பார்க்கத் தவறுவது ஓத அட்டவணையை, அதாவது கடல்நீர் ஏறி வற்றும் நேரப் பட்டியலை. முழு வற்றத்தில் நீரோடு பறவைகளும் வெகுதூரம் விலகிவிடும். உச்ச ஏற்றத்தில் இரை தேடும் சேறே மூழ்கிவிடும். ஏற்றத்துக்கு ஓரிரு மணி நேரம் முன்போ பின்போதான் கரையோரம் மேயும். ஓதம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஒரு வாரத்தில் அது ஏறத்தாழ 6 மணி நேரம். போன ஞாயிறு ஏற்றமிருந்த வேளையில் இந்த ஞாயிறு வற்றமாயிருக்கும்!

8×42 (8 மடங்கு பெருக்கம், 42 மி.மீ. லென்ஸ்) பைனாகுலர் போதும். பெரிய பூநாரை இனத்துக்கு ரோஜா நிற அலகு, நுனி மட்டும் கறுப்பு; சிறிய பூநாரை இனத்துக்கு அலகே கருஞ்சிவப்பு. தயவுசெய்து சேற்றில் இறங்க வேண்டாம். கால் புதையும், கூட்டமும் கலையும்.

வெள்ளிக்கிழமை இதழில் வார இறுதி ஓத நேரத்தையும் வெளியிட வேண்டுகிறோம்.

பறவை ஆர்வலர்கள், ஐரோலி, நவி மும்பை