கூண்டும் மிளகாயும் போதாது

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில், கோடை விடுமுறையில் குழந்தைகளுக்குச் செல்லப் பிராணி வாங்கித் தருவது பற்றி வந்த பெட்டிச் செய்தியைப் படித்தேன். "பச்சைக்கிளி வளர்க்க ஒரு கூண்டும் இரண்டு மிளகாயும் போதும்" என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். வேறு பத்திரிகையில் வந்திருந்தால் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போயிருப்பேன். என் மாமனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் பத்திரிகையில் வந்ததால்தான் மனசு ஆறவில்லை.

பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அது பாதுகாக்கப்பட்ட பறவை. 2022இல் சட்டத்தைத் திருத்தியபோது இரண்டாம் அட்டவணையில் வைத்தார்கள். இது உங்களுக்குத் தெரியாததல்ல. 2024 மக்களவைத் தேர்தல் சமயத்தில் கடலூர்ப் பக்கம் கிளி ஜோசியரை வனத்துறை பிடித்தபோது நீங்களும் செய்தி போட்டீர்கள். வேட்பாளர் ஜெயிப்பார் என்று கிளி சீட்டெடுத்ததை அவ்வளவு விரிவாக எழுதியவர்கள், அந்தக் கிளிகள் கூண்டுக்கு எப்படி வந்தன என்று ஒரு வரி எழுதவில்லை. எனக்கு அப்போதே வருத்தம்தான்.

அவை மொட்டைப் பனையிலும் பட்டுப்போன தென்னையிலும் இருக்கும் பொந்துகளிலிருந்து வருகின்றன. இறகு முளைக்காத குஞ்சை எடுத்து அட்டைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு வருகிறார்கள். எங்கள் தெருவுக்கே சைக்கிளில் வந்து கூவி விற்றிருக்கிறார்கள். ஒருமுறை பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னேன். உயிரோடு இருந்தவை செத்த குஞ்சுகளின் மேல் ஏறி நின்று வாயைப் பிளந்துகொண்டிருந்தன. வாங்குகிறவர் கண்ணுக்கு ஒரு கிளிதான் தெரியும், மற்றவை தெரியாது.

நான் பறவை வளர்ப்பதற்கு எதிரி அல்ல. வருஷக்கணக்காக பட்ஜி வளர்க்கிறேன். கடையில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கிறார்களே, அதுதான். ஆஸ்திரேலியாவின் சின்னக் கிளி அது. தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து வளர்வதை விற்கிறார்கள், நம் சட்டமும் தடுக்கவில்லை. அதை வளர்க்கவே எவ்வளவு கவனம் வேண்டும் என்று எழுதியவருக்குத் தெரியுமா? தினைக் கிண்ணம் நிறைந்திருப்பதுபோலத் தெரியும். மெல்ல ஊதிப் பார்த்தால் மேலே இருப்பது அத்தனையும் உமி, அடியில் நாலு மணிகூட இருக்காது. இது தெரியாமல் பட்டினியில் பறவையைச் சாகவிட்ட வீடுகள் உண்டு. வெறும் தினையும் ஆகாது. கீரை, கேரட், கொத்தமல்லித் தழை, கொத்திக்கொள்ளக் கணவாய் ஓடு எல்லாம் வேண்டும். பிளாஸ்டிக் குச்சியிலேயே நாள் முழுக்க நின்றால் பாதம் புண்ணாகும் என்பதால் கொய்யாக் கிளை வெட்டி வைக்கிறேன். இரவில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். எங்கள் வீட்டில் அதற்காகவே கூடத்து டிவியைச் சீக்கிரம் அணைத்துவிடுகிறோம்.

மிளகாயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பறவைகளுக்குக் காரம் உறைக்காது, மிளகாய் தின்பதில் கெடுதல் இல்லை. மிளகாயோடு நம் ஜனங்கள் போடும் உப்பும் புளியும் போட்ட சோறு, முறுக்கு, மிக்சர் இவைதான் அதற்கு விஷம்.

போன வருஷம் இதே இணைப்பில், சமையலறை ஜன்னலில் கிளிக்கூண்டு மாட்டினால் வீடு கலகலப்பாகும் என்று அலங்காரக் குறிப்பு வந்தது. நான்ஸ்டிக் தவா அளவுக்கு மீறிச் சூடேறினால் வரும் புகை பறவையின் நுரையீரலைச் சில நிமிஷத்தில் அழித்துவிடும் என்று அப்போதே கடிதம் போட்டேன். அடுத்த வீட்டில் தவாவை அடுப்பில் வைத்துவிட்டுப் போனில் பேசப் போனவர் திரும்பி வருவதற்குள் இரண்டு பறவைகள் கூண்டின் அடியில் கிடந்ததை என் கண்ணால் பார்த்தவள் நான். கடிதத்தை நீங்கள் பிரசுரிக்கவில்லை. அது உங்கள் உரிமை. நாக்கில் வசம்பு தேய்த்தால் கிளி சீக்கிரம் பேசும் என்ற வாசகர் குறிப்புக்கு மட்டும் அதே பக்கத்தில் இடம் இருந்தது. கிளியின் குரல் பிறப்பது நாக்கில் அல்ல, மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில்.

நோய் வந்தால் எங்கே போவது என்று உங்கள் பெட்டிச் செய்தி ஒரு வார்த்தை சொல்கிறதா? எங்கள் நீல ஆண் பட்ஜி இறகை உப்பிக்கொண்டு, மூச்சுக்கு மூச்சு வாலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஒரு கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். "இதுக்கெல்லாம் எதுக்கும்மா அலையிறீங்க, புதுசா ஒரு ஜோடி வாங்கிக்கலாமே" என்றார். நாய், பூனை என்றால் அப்படிச் சொல்லியிருப்பாரா? முப்பது, நாற்பது கிராம்தான் எடை என்பதால் அது உயிரில்லையா? வேறு ஊருக்கு பஸ் ஏறிப் போய்த்தான் பறவை பார்க்கத் தெரிந்த ஒருவரைக் கண்டுபிடித்தேன்.

நீங்கள் போட்ட படத்தையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். அந்தச் சிறுமியின் கையில் இருக்கும் கிளியின் ஒரு பக்கத்து இறக்கையில் நீளச் சிறகுகள் பாதியில் நிற்கின்றன. கத்தரியால் வெட்டியது. பச்சைக்கிளி கூண்டில் இருபது, இருபத்தைந்து வருஷம்கூட உயிரோடு இருக்கும். அந்தப் பெண் கல்யாணமாகிப் போன பிறகும் அது அங்கேயே இருக்கும். அதைப் போய்க் கோடை விடுமுறைக்குப் பொழுதுபோக்கு என்று எழுத எப்படி மனசு வந்தது?

நான் கேட்பது நாலு வரித் திருத்தம். பச்சைக்கிளி வளர்ப்பது குற்றம், யாரும் குஞ்சு வாங்க வேண்டாம் என்று அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் கூண்டைத் திறந்து விட்டுவிட வேண்டாம், பறக்கத் தெரியாத கிளியைக் காக்கை கொத்தியே கொன்றுவிடும், பக்கத்து வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைக்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த ஞாயிறே வந்தால் நல்லது. அடுத்த வாரம் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விடுகிறார்கள்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகி,
ஸ்ரீரங்கம்.